ஆத்தங்குடியும் கானாடுகாத்தானும்: தங்கிப் பார்த்தவரின் மதிப்புரை

செட்டிநாட்டு ஊர்களுக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை, காரைக்குடியில் தங்கியிருந்த விடுதியார் ஏற்பாடு செய்துகொடுத்த ஒருநாள் கார்ச் சுற்றுலாவில், காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்குள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் ஆகிய ஐந்து ஊர்களையும் முடித்துக்கொண்டு திரும்பினோம். முடித்துக்கொண்டு என்பதுதான் அதற்குப் பொருத்தமான சொல். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் பட்டறைக்கு அன்று எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். ஓட்டுநர் வண்டியின் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. பிறகு ஒரு பெரிய வீட்டில் ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், வழியில் யாரும் கேட்காத ஒரு சேலைக் கடையில் முக்கால் மணி நேரம். அந்தக் கடையில் மட்டும் ஓட்டுநருக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால், சென்ற ஆண்டு தை மாதத்தில் மறுபடியும் சென்றேன். இம்முறை கானாடுகாத்தானில் பழைய வீடொன்றை விடுதியாக மாற்றியிருக்கும் இடத்தில் இரண்டு இரவு தங்கி, ஊருக்குள் நடந்தும், ஆத்தங்குடிக்கு ஆட்டோவிலும் சென்று, பார்க்க வேண்டியவற்றை அதனதன் வேகத்தில் பார்த்தேன். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றியது. அங்கிருந்து வாங்கி வந்து வீட்டில் பதித்த கல்லைப் பற்றியும் எழுதுகிறேன். ஓராண்டுக்கு மேல் அதன்மீது நடந்துவிட்டதால், கடையில் நின்று பார்த்துச் சொல்வதைவிடச் சற்று நம்பகமாகச் சொல்ல முடியும் என நினைக்கிறேன்.

பட்டறையிலிருந்தே தொடங்குகிறேன். ஆத்தங்குடியில் இப்படிப்பட்ட பட்டறைகள் பல இருக்கின்றன. நான் நுழைந்தது கீற்றும் தகரமும் கலந்து வேய்ந்த ஒரு நீளமான கொட்டகை. உள்ளே இயந்திரம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை, சூளையும் இல்லை. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை என்பதே பலருக்குத் தெரியாத செய்தி. அது சிமென்டும் மணலும் நிறப்பொடியும் சேர்ந்து, நீரில் ஊறி, வெயிலில் உலர்ந்து இறுகும் கல். தரையில் வரிசையாகச் சதுரக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. அவற்றில் ஒன்றைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் தகட்டால் செய்த அச்சை இறக்கினார் அங்கிருந்த பெரியவர். பூவும் கொடியும் கட்டமுமாகப் பிரிந்திருந்த அச்சின் ஒவ்வோர் அறையிலும், தோசை மாவைவிடத் தளர்வாகக் கரைத்து வைத்திருந்த நிறச் சிமென்டைச் சிறு கரண்டியால் ஊற்றினார். முதலில் சிவப்பு, பிறகு பச்சை, மஞ்சள், ஓரத்துக்குக் கறுப்பு. எல்லா அறையும் நிரம்பியதும் மூச்சை அடக்கிக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல் நின்றன.

அடுத்து நடப்பதில்தான் கல்லின் உறுதி இருக்கிறது. ஈரமான நிறத்தின் மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். அது நிறத்திலிருக்கும் மிகுதி நீரை உறிஞ்சிக்கொண்டு கெட்டிப்படுகிறது. அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பி, கரண்டியால் அழுத்தி, சட்டத்தின் விளிம்புக்கு மட்டம் செய்து, சட்டத்தைக் கழற்றிவிடுகிறார்கள். கண்ணாடி அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, கல் ஒருநாள் அப்படியே கிடந்து, பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ச் சில நாள் ஊறி, வெளியே வந்து உலர்கிறது. உலரும்போது கண்ணாடி தானாகவே விட்டுவிடுகிறது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்துக்கு வந்து சேர்கிறது. மெருகெண்ணெயோ பூச்சோ எதுவும் கிடையாது. நாம் தரையாகப் பார்க்கும் முகம், வார்க்கும்போது குப்புறக் கவிழ்ந்து கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிறது. ஆகவே வார்ப்பவர் தம் வேலை எப்படி வந்திருக்கிறது என்பதைப் பல நாள் கழித்தே பார்க்க முடியும்.

இந்தக் கடைசிச் செய்தியை அவரிடமே கேட்டேன்.

“அண்ணே, தப்பா வந்திருந்தா எப்பத் தெரியும்?”

“கண்ணாடி விட்டாத்தான் தெரியும். ஆனா தூக்குறப்பவே கைக்குத் தெரிஞ்சிரும் தம்பி” என்றார்.

அச்சில்லாமல் வெறுங்கையால் பூ வார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடியின்மேல் ஒரு நிறத்தைச் சொட்டு விட்டு, அதன்மேல் இன்னொன்றை விட்டு, குச்சியால் ஓர் இழுப்பு இழுத்தால் இதழ் பிரிகிறது. இப்படிச் செய்த இரண்டு கற்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை; பல கடைகளில் குறையாகச் சொல்லப்படும் இந்த வேறுபாட்டுக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. என்னை ஒரு கல் வார்த்துப் பார்க்கச் சொன்னார். அச்சைத் தூக்கும்போது என் கை சற்றே சாய்ந்துவிட்டது. சிவப்பு, பச்சைக்குள் ஒரு விரற்கடை புகுந்துகொண்டது. “இது உங்க கல்லு, இதை நாங்க விக்க முடியாது” என்று சிரித்துவிட்டு, அதையும் மற்றவற்றோடு வரிசையில் வைத்தார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அங்கே இருந்தேன். அதற்குக் கட்டணம் என்று எதுவும் கேட்கவில்லை. இந்தப் பகுதியில் பார்ப்பதற்கும் செய்வதற்கும் உள்ளவற்றில் இதற்கு நிகரானது வேறில்லை என்பது என் முடிவு. சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்கள் இதைப் பத்து நிமிடத்துக்குள் அடைப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இனி வாங்கிய கல். பூசையறைக்காகப் பத்தங்குலச் சதுரக் கல் எண்பது வாங்கினேன். முக்கால் அங்குலத் தடிப்பு இருப்பதால் பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கனம் அதிகம். லாரிப் பார்சல் செலவை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வைக்கோல் இட்டுக் கட்டித்தான் அனுப்பினார்கள், இருந்தும் நான்கு கற்களுக்கு மூலை உடைந்திருந்தது. கணக்கிட்டதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கச் சொன்ன பட்டறைக்காரரின் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. உண்மையான சிக்கல் வேறிடத்தில் வந்தது. எங்கள் ஊர்க் கொத்தனார் இயந்திரத்தில் செய்த டைல்ஸைப் பதித்துப் பழகியவர். இக்கற்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை அளவில் தடிப்பு மாறுவதால் அவருக்கு மட்டம் பிடிபடவில்லை. முதல் நாள் பதித்த இரண்டு வரிசையைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டியிருந்தது. கல்லோடு, அதைப் பதித்துப் பழகிய ஆளையும் அங்கிருந்தே அழைத்துக்கொள்ள வசதியுள்ளவர்கள் அப்படியே செய்யட்டும்.

பதித்து முடித்த முதல் மாதம் தரை மங்கலாக, ஏமாற்றமாகவே இருந்தது. வாரம் ஒருமுறை சிறிது தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வரச் சொன்னார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து நிறம் உள்ளிருந்து எழுந்து வருவதுபோல் தெளியத் தொடங்கியது. காலடி படப்பட மெருகேறுகிறது என்று அங்கே சொன்னது விற்பனைப் பேச்சன்று. ஆனால் எண்ணெய் தொட்ட அன்று தரை வழுக்கும், வீட்டில் முதியவர்கள் இருந்தால் கவனம் வேண்டும். இன்னொன்று, இது சிமென்டுக் கல் என்பதால் புளிப்பு ஆகாது. எலுமிச்சம்பழச் சாறு சிந்திய ஓரிடத்தில் உடனே துடைத்தும் ஒரு வெளிறிய தடம் விழுந்துவிட்டது. கழிவறை கழுவும் அமிலம் இதன் பக்கமே வரக்கூடாது. அடுக்களைத் தரைக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். கூடத்துக்கும் பூசையறைக்கும் திண்ணைக்கும் தயங்காமல் வாங்கலாம். கோடையில் வெறுங்காலுக்குக் கிடைக்கும் குளுமை, பளிங்குக்குச் சற்றும் குறைந்ததில்லை.

ஆத்தங்குடியிலேயே, அரண்மனை என்று வெளியூர்க்காரர்களும் பெரிய வீடு என்று உள்ளூர்க்காரர்களும் சொல்லும் மாளிகை, சிறு கட்டணத்துக்குத் திறந்திருக்கிறது. பர்மாத் தேக்கில் நிலையும் விட்டமும், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, வண்ணம் தீட்டிய மேற்கூரை என்று ஒரு காலத்துச் செல்வம் முழுவதும் அண்ணாந்து பார்க்கும்படி இருக்கிறது. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனம் ஆகிய நாடுகளில் வட்டித் தொழில் செய்து ஈட்டிய பணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவ்வூர்களில் இப்படி வீடுகளாக எழுந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் சப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த ஊற்றை அடைத்தன. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல உள்ளே யாருமில்லை. ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. வந்தவர்கள் ஊஞ்சலருகில் படமெடுத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் வெளியேறிவிடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

வீட்டைப் படிக்கத் தெரிந்தால் கதை வேறு. அந்த வாய்ப்பு எனக்குக் கானாடுகாத்தானில் தங்கிய விடுதியில் கிடைத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, மாலையில் ஓய்வாக இருந்தபோது வீட்டைச் சுற்றிக் காட்டினார். முகப்பில் திண்ணை, அங்கேதான் கணக்குவழக்கும் ஆண்களின் பேச்சும். அதைத் தாண்டினால் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண்கள் தாங்கிய தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. திருமணத்தோடு அவர் தனிப் ‘புள்ளி’, அதாவது தனிக் குடும்பக் கணக்கு, ஆகிவிடுகிறார். கோயிலுக்கு வரி கட்டுவதும் அந்தப் புள்ளிக் கணக்கில்தான். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் உலை தனித்தனி. இந்த ஏற்பாட்டினால்தான் இன்றைக்கும் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் உரிமையாளராக இருந்து, கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டும் கூடிப் பூட்டைத் திறக்கிறார்கள். தெருவில் நடக்கும்போது பத்துக்கு ஏழு வீடு பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் புறக்கணிப்பு மட்டுமல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

மழை பெய்தால் நான்கு பக்க ஓட்டுக்கூரையின் நீரும் வளவுக்குள் இறங்கி, அண்டாக்களை நிரப்பி, மிகுதி வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும் என்று ஆச்சி காட்டினார். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த பூச்சு, நூறாண்டுக்குப் பிறகும் பீங்கான் தட்டின் பின்புறம்போல் வழவழத்தது; வெளியே வெயில் தகித்துக்கொண்டிருக்க, உள்ளங்கையில் குளிர்ந்தது. “கொல்லைக் கதவைத் தொறந்தா அடுத்த தெரு வந்துரும்” என்று அவர் சொன்னதை முதலில் வெறும் பேச்சாக எடுத்துக்கொண்டேன். நடந்து பார்த்தபோதுதான் வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலும் இருப்பது தெரிந்தது.

விடுதியைப் பற்றிய குறைகளையும் சொல்லிவிட வேண்டும். குளியலறைக் குழாயில் வெந்நீர் இரண்டு காலையும் வரவில்லை. கேட்டபோது வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள். இரவு எட்டரைக்கு மேல் உணவு கிடையாது என்பதை முன்பதிவின்போது யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் வேறு உணவகமும் இல்லாததால், தாமதமாக வந்த இன்னொரு குடும்பம் முதல் இரவு வாழைப்பழத்தோடு படுத்தது. வாடகை அளவில் பார்த்தால் இவை மன்னிக்கத்தக்க குறைகள் அல்ல. ஆச்சியின் மாலை நேர விளக்கத்துக்காக நான் மன்னித்தேன், நீங்கள் மன்னிப்பீர்களா என்பது உங்கள் வெந்நீர்த் தேவையைப் பொறுத்தது.

உணவு. நகரங்களில் ‘செட்டிநாடு’ என்ற பெயரில் மிளகாயையும் எண்ணெயையும் கொட்டிப் பரிமாறுவதை உண்டு பழகியவர்களுக்கு இங்குள்ள சமையல் சாதுவாகத் தோன்றக்கூடும். காலையில் வந்த வெள்ளைப் பணியாரத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். படியில் பச்சரிசியைத் தலைவெட்டி அளந்து, அதன்மேலேயே கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்தை வைத்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து அரைக்கிறார்கள். அளவே அவ்வளவுதான். பிறகு கரண்டியால் மாவை எடுத்துக் காயும் எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்ற, ஓரம் பூப்போல் விரிந்து நடு உப்பி மேலே வருகிறது. சிவக்கவிடாமல் வெள்ளையாகவே எடுத்து, வரமிளகாய்த் துவையலோடு தந்தார்கள். ஆறு தின்றேன். மதியம் வந்த கோழிக் குழம்பு நன்று, வாழையிலையில் வரிசையாக வந்த பொரியல்கள் சுமார். கவுனி அரிசியில் செய்த இனிப்பு, பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த பழக்கம் என்பார்கள். தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் கலந்து கருஞ்சிவப்பாக வந்த அந்தக் கிண்ணத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

கானாடுகாத்தானில் தறிக்கூடம் ஒன்றைப் பார்த்தேன். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கட்டமும் கோடுமாக, மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று கண்ணுக்கு அழுத்தமான நிறங்களில் நெய்கிறார்கள். தறியில் பார்த்து வாங்குவதற்கும், முதல் பயணத்தில் ஓட்டுநர் நிறுத்திய கடையில் வாங்குவதற்கும் விலை வேறுபாடு கணிசமாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். செட்டிநாட்டரசர் மாளிகை 1912இல் கட்டப்பட்டது. நான் சென்ற அன்று வெளியிலிருந்து முகப்பைப் பார்க்கத்தான் முடிந்தது. அதற்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம், விடியற்காலை ஒளியில் அதன் வெண்மை அழகாக இருக்கிறது. 1687இல் கட்டிய திருமயம் கோட்டையும், அதன் அடிவாரத்தில் ஒரே பாறையில் குடைந்த சிவன், பெருமாள் கோயில்களும் தனி நாள் கேட்பவை. இந்தப் பயணத்தில் நான் அவற்றைத் தொடவில்லை.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பற்றிப் பலரும் உற்சாகமாக எழுதுகிறார்கள். எனாமல் தூக்குச்சட்டிகள், பழைய சாமிப் படங்கள், பித்தளைப் பூட்டு போன்றவற்றைக் கிளறிப் பார்ப்பதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அங்கே சுவரில் சாய்த்து வைத்திருந்த தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும், முந்தைய நாள் ஆச்சி காட்டிய வீட்டைப் போன்ற ஏதோவொரு வீட்டை இடித்து எடுத்தவை. பங்காளிகளுக்குள் உடன்பாடு வந்து ஒரு வீடு விற்பனையாகும்போது, மண்ணைவிட மரத்துக்கு விலை அதிகம் கிடைக்கிறது. யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இவ்வூர்களின் தொகுதி 2014இலேயே இடம்பெற்றுவிட்டது. பட்டியலில் இருப்பதனால் ஒரு தூண்கூட இதுவரை நின்றதாகத் தெரியவில்லை. ஒரு சிறிய பித்தளை விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழி, தை, மாசி உகந்த மாதங்கள். பங்குனி பிறந்துவிட்டால் தெருவில் நிழலே இருக்காது. காரைக்குடி வரை ரயிலிலும், அங்கிருந்து கானாடுகாத்தானுக்குப் பேருந்திலும் செல்லலாம். ஆத்தங்குடிக்குப் பேருந்து எப்போதாவதுதான் வருகிறது. ஆட்டோ பேசும்போது காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள், இல்லையென்றால் பட்டறையில் நிற்கும்போதே மூன்று முறை ஹாரன் கேட்கும். பட்டறைக்குக் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. நான் சென்ற இடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்ப்பு நின்று, தொட்டியிலிருந்து எடுப்பதும் அடுக்குவதும்தான் நடந்தன. பூட்டிய வீட்டுத் திண்ணையில் ஏறிப் படமெடுக்கும் முன் எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், யாரிடமாவது சாவி இருக்கும். சில சமயம் கதவே திறக்கும்.

என் பார்சல் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது. உடைந்த நான்கையும் எடுத்து வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தபோது கணக்குக்கு மேல் ஒரு கல் இருந்தது. சிவப்பு, பச்சைக்குள் ஒரு விரற்கடை புகுந்த கல்; ஒரு கீறல்கூட இல்லாமல் வந்திருந்தது. கொத்தனார் அதைத் தரையில் பதிக்க ஒப்பவில்லை. இப்போது அடுக்களையில் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் இருக்கிறது.